இரு கை என்னும் விதி: ஒரு மறுப்பு

வீடியோ விளையாட்டு இயல்பிலேயே இரு கைகளுக்குரியது என்பதும், ஆகவே ஒரு கையை இழந்தவர் அதை ஆடினால் அது குறைபட்ட ஆட்டமாகவோ வியந்து போற்றத்தக்க சாதனையாகவோதான் இருக்க முடியும் என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். இதை யாரும் கோட்பாடாக எழுதி நிலைநாட்டவில்லை. எழுதப்படாமலே புழங்குவதால்தான் இது கேள்விக்கு உட்படாமல் நிற்கிறது. பொத்தான்களின் பணியை மாற்றிக்கொள்ள வழிவைக்காமல் ஒரு விளையாட்டை விற்பனைக்கு அனுப்பும் நிறுவனமும், உதவி அமைப்புகளைப் பயன்படுத்துவோரை ஏமாற்றுக்காரர் என்று ஏசும் ஆட்டக்காரரும், கையிழந்தவருக்கு உண்ணவும் உடுக்கவும் பயிற்சி அளிப்பதோடு தம் கடமை முடிந்ததாகக் கருதும் மறுவாழ்வுப் பணியாளரும், ஒற்றைக் கையால் ஆடுபவரை அதிசயப் பிறவியாக்கிக் காட்டும் செய்தியாளரும் தமக்குள் ஒத்துப்போகாதவர்களாகத் தோன்றினாலும், நால்வரும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றுதான் பேசுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. ஒரு காலத்தில் ஒரு கருவிக்குத் தரப்பட்ட வடிவத்தை விளையாட்டின் இயல்பாகவே எடுத்துக்கொண்டதிலிருந்து பிறந்த பிழை அது. அப்பிழையின் சுமையைக் கையிழந்தவர்களே தாங்கி வருகிறார்கள்.

இரு கை என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த வழக்கம் என்பதற்கு இத்துறையின் வரலாறே சான்று. 1972இல் அட்டாரி நிறுவனம் கொண்டுவந்த ‘பாங்’ விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரே ஒரு குமிழ்தான் இருந்தது. அதை ஒரு கையால் திருகினால் திரையில் மட்டை மேலும் கீழும் நகரும். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பாக்மேன்’ நான்கு திசைகளில் அசையும் ஒற்றைக் குச்சியால் ஆடப்பட்டது. ஆட்டத்தின் நடுவே அழுத்துவதற்கு அதில் ஒரு பொத்தான்கூட இல்லை. உலகம் முழுவதும் பரவிய அவ்விளையாட்டை ஒற்றைக் கை விளையாட்டு என்று யாரும் பிரித்துப் பேசியதில்லை. தாயத்தையும் ஆடுபுலி ஆட்டத்தையும் நாம் அப்படிப் பிரித்துப் பேசாததைப் போன்றதே இது. கைகளுக்கிடையே வேலை பிரிக்கப்படும் முறை நிலைபெற்றது, நின்டெண்டோ நிறுவனத்தின் கும்பெய் யோகோய் 1982இல் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றுக்காகச் சிலுவை வடிவத் திசைப் பலகையை உருவாக்கி, அடுத்த ஆண்டில் ஃபாமிகாம் என்னும் வீட்டுக் கருவியின் கன்ட்ரோலரில் அது இடம்பெற்ற பிறகுதான். இடக்கைப் பெருவிரல் திசையைக் காட்ட, வலக்கைப் பெருவிரல் செயலைச் செய்யும் அந்தப் பிரிவினை வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வசதி வேறு, விதி வேறு. 1997இல் சோனி நிறுவனம் பெருவிரலால் அசைக்கும் இரு சிறு குச்சிகள் கொண்ட கன்ட்ரோலரை வெளியிட்டதையும், 2001இல் ‘ஹேலோ’ என்னும் சுடும் விளையாட்டு ஒரு குச்சியால் நடப்பதையும் மறு குச்சியால் பார்ப்பதையும் பெருவழக்காக்கியதையும் கணக்கில் கொண்டால், இன்று மாறாத இயல்பு என்று காட்டப்படும் அமைப்பின் வயது கால் நூற்றாண்டை ஒட்டியதுதான்.

அந்த வழக்கம் பரவிக்கொண்டிருந்த காலத்திலேயே அதற்கு மாற்றுகளும் இருந்தன. 1989இல் நின்டெண்டோ, மார்பில் அணிந்துகொண்டு மோவாயால் குச்சியை அசைத்தும் குழாயில் மூச்சை இழுத்தும் ஊதியும் ஆடத்தக்க கன்ட்ரோலரை விற்றது. ஜப்பானின் ஆஸ்கி நிறுவனம், பாத்திரமேற்று நெடுங்கதையை நடத்திச் செல்லும் விளையாட்டுகளுக்கென ஒற்றைக் கையில் அடங்கும் பிடி ஒன்றைச் செய்தது. அது கையிழந்தவர்களுக்காக மட்டும் உருவானதன்று, அவ்வகை விளையாட்டை ஓய்வாக ஆட விரும்பிய எவருக்காகவும் உருவானது. 2006இல் வந்த வீ கருவியின் தொலைக்கட்டுப்பாட்டுப் பிடியும் பல விளையாட்டுகளில் ஒரு கைக்கே போதுமானதாக இருந்தது. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்னும் பழமொழி கைதட்டலைப் பொறுத்தவரை உண்மைதான். அதை எல்லாச் செயலுக்கும் நீட்டிக்கொண்டுபோவதற்கு இந்த வரலாறு இடம் தரவில்லை.

இருந்தாலும் எதிர்க்கருத்தின் வலுவான வடிவத்தை எடுத்துக்கொண்டு பேசுவதே நேர்மை. பழைய விளையாட்டுகள் எளியவை. இன்றைய கன்ட்ரோலரில் இரண்டு குச்சிகள், ஒரு திசைப் பலகை, முகப்பில் நான்கு பொத்தான்கள், மேல்விளிம்பில் நான்கு விசைகள், குச்சிகளை உள்ளே அழுத்தினால் இயங்கும் இன்னும் இரண்டு என ஏராளமான உறுப்புகள் உள்ளன. இவற்றை ஐந்து விரல்கள் எவ்வாறு ஆளும் என்று கேட்கப்படுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அது ஓர் எண்ணிக்கைப் பிழையின் மேல் எழுகிறது. கருவியில் எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்பது இங்கே பொருட்டன்று. ஒரே கணத்தில் எத்தனை உறுப்புகள் தேவைப்படுகின்றன என்பதே பொருட்டு. ஓர் ஆட்டத்தைக் கணம் கணமாகப் பிரித்துப் பார்த்தால், நடத்தல், பார்வையைத் திருப்பல், குறிவைத்தல், சுடுதல் ஆகிய நான்கும் ஒருங்கே நிகழ வேண்டிய நேரம் மொத்த நேரத்தில் ஒரு பகுதிதான் என்பதும், வரைபடத்தைத் திறப்பது, பொருளை எடுப்பது, ஆயுதத்தை மாற்றுவது போன்ற எஞ்சிய வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத்தக்கவை என்பதும் விளங்கும். அந்த ஒருங்கமைந்த கணங்களுக்கு வழி கண்டால் போதும், மற்றவை தாமே அடங்கும்.

அதற்கான வழிகள் ஊகங்கள் அல்ல, கையிழந்தவர்கள் நாள்தோறும் கையாளுபவை. அவற்றுள் முதன்மையானது பொத்தான் மாற்றமைப்பு, அதாவது எந்தப் பொத்தான் எந்தச் செயலைச் செய்ய வேண்டும் என்பதை ஆட்டக்காரரே முடிவுசெய்துகொள்ளும் வசதி. எஞ்சிய கைக்கு எட்டும் உறுப்புகளுக்கு அடிக்கடி தேவைப்படும் செயல்களையும், எட்டாத உறுப்புகளுக்கு அரிதாகத் தேவைப்படுபவற்றையும் அது ஒதுக்கித் தருகிறது. கணினியில் ஆடுபவருக்கு, பெருவிரல் படும் பக்கத்தில் பன்னிரண்டு பொத்தான்கள் வரிசையாக அமைந்த மவுஸ் கிடைக்கிறது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ போன்ற விளையாட்டில் மவுஸின் இடப் பொத்தானையும் வலப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினாலே பாத்திரம் முன்னே நடக்கும் என்பதால், நடையும் பார்வையும் தாக்குதலும் ஒரே உள்ளங்கைக்குள் வந்துவிடுகின்றன. கால்கள் சும்மா இருப்பதில்லை. தையல் எந்திரத்தில் மிதிப்பதைப் போலத் தரையில் வைத்து மிதிக்கும் விசைகள் ஓடுவதற்கோ சுடுவதற்கோ பயன்படுகின்றன. கன்ட்ரோலரைச் சாய்த்தால் குறி நகரும்படி செய்யும் அசைவுணரி, இரண்டாவது குச்சியின் வேலையை மணிக்கட்டிடம் ஒப்படைக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கருவியில் 2017இல் சேர்க்கப்பட்ட இணை ஓட்டுநர் வசதி இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாகக் கருதிக்கொள்வதால், ஒன்றைக் கையிலும் மற்றொன்றைப் பாதத்தின் கீழும் வைத்து ஒருவரே ஆடலாம்.

கையிழந்தோர் அனைவரையும் ஒரே நிலையினராகக் கருதுவதும் இவ்விடத்தில் விலக்கப்பட வேண்டிய தவறாகும். முழங்கைக்குக் கீழே கை நீக்கப்பட்டவர் எஞ்சிய பகுதியால் கன்ட்ரோலரைத் தொடையோடு அணைத்துப் பிடிக்கலாம், பெரிய பொத்தானை அழுத்தலாம், சில வேளைகளில் குச்சியையும் தள்ளலாம். தோளோடு கையை இழந்தவருக்கு அவ்வழி இல்லை, ஆனால் பாதமும் முழங்காலும் மோவாயும் உள்ளன. எழுதும் கையை இழந்தவருக்கும் மறு கையை இழந்தவருக்கும் முதல் சில மாதங்களின் உழைப்பு வேறுபடும். பிறவியிலேயே ஒரு கையோடு வளர்ந்தவருக்கு இழப்பு என்னும் சொல்லே பொருந்தாமல் போகலாம். இவ்வேறுபாடுகளை மனத்தில் கொண்ட கருவியே நல்ல கருவி. 2018 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த தகவமைப்புக் கன்ட்ரோலர், தனக்கென ஒரு கையமைப்பை வற்புறுத்தாமல், இரண்டு பெரிய அழுத்துபரப்புகளையும் பின்புறத்தில் பத்தொன்பது இணைப்புத் துளைகளையும் தந்து, எந்த விசையை எந்த உடலுறுப்பின் அருகில் வைப்பது என்பதை ஆடுபவரிடம் விட்டது. அதன் பெட்டியையும் விரல் வலிமை இன்றித் திறக்கும்படி இழுவளையங்களோடு வடிவமைத்தார்கள். அக்கருவி நிறுவனத்தின் கருணையில் முளைத்ததன்று. போரில் உறுப்பிழந்த படைவீரர்களுக்குத் தனித்தனியாகக் கன்ட்ரோலர்களைச் செய்து கொடுத்துவந்த வார்ஃபைட்டர் என்கேஜ்டு என்னும் சிறு அமெரிக்க அமைப்பின் படைப்பு ஒன்று மைக்ரோசாஃப்ட் பொறியாளரின் கண்ணில் பட்டதிலிருந்து தொடங்கிய முயற்சி அது. சோனி 2023 டிசம்பரில் இவ்வகைக் கருவியை வெளியிட்டது. பின்லாந்தின் வடிவமைப்பாளரான அகாகி கூமேரி, முப்பரிமாண அச்சுப்பொறியில் எவரும் அச்சிட்டுக்கொள்ளத்தக்க ஓர் இணைப்பை உருவாக்கியிருக்கிறார். அதைக் கன்ட்ரோலரில் பொருத்தி முழுக் கருவியையும் தொடையின்மேல் அசைத்தால், கை எட்டாத குச்சி நகர்கிறது. பெருநிறுவனத்தின் நீண்ட ஆய்வும் ஒருவருடைய மேசையில் பிறந்த எளிய உபாயமும் ஒரே உண்மையைத்தான் மெய்ப்பிக்கின்றன: விளையாட்டுக்குத் தேவை சைகை, அச்சைகை எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்பதை விளையாட்டு அறியாது.

இங்கே எதிர்த்தரப்பு வேறொரு வாயிலில் வந்து நிற்கும். கை போனால் செயற்கைக் கை இருக்கிறதே, அறிவியல் வளர்ந்துகொண்டிருக்கையில் விளையாட்டை ஏன் மாற்ற வேண்டும் என்பது அதன் வாதம். செயற்கைக் கை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவர் இவ்வாதத்தை முன்வைக்க மாட்டார். தசைமின் செயற்கைக் கை என்று சொல்லப்படுவது, எஞ்சிய கையின் தசைகள் சுருங்கும்போது தோலின்மேல் எழும் சிறு மின்குறிகளைப் பிடித்து மோட்டாரை இயக்குவது. பொதுவாக ஒரு தசைத்தொகுதியின் குறி விரல்களை விரிக்கவும் எதிர்த்தொகுதியின் குறி மூடவும் பயன்படும், பிடியின் வகையை மாற்ற இரண்டையும் ஒருங்கே சுருக்குவது போன்ற தனிச் சைகை வேண்டும். கோப்பையைப் பிடிக்க இது போதும். பெருவிரல் ஒரு குச்சியை நுட்பமாகச் சாய்த்துக்கொண்டிருக்கும்போதே சுட்டுவிரல் விசையை அரைகுறையாக அழுத்துவதற்கு, விரல்கள் தனித்தனியாகவும் தாமதமின்றியும் இயங்க வேண்டும். மேலும் விரல்நுனி எதைத் தொடுகிறது என்னும் உணர்வு திரும்பி வர வேண்டும். நாள்தோறும் அணியப்படும் செயற்கைக் கைகள் பெரும்பாலும் இவற்றைத் தருவதில்லை. கால் நூற்றாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, பெரியவர்களுள் உடல்விசையால் இயங்கும் செயற்கைக் கையை 26 விழுக்காட்டினரும் மின்விசையால் இயங்குவதை 23 விழுக்காட்டினரும் கைவிட்டதாகக் கணக்கிட்டது. எடையும் வெப்பமும் உணர்வின்மையும் எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. செயற்கைக் கையை விரும்புவோர் அணியட்டும். அதை அணிந்தால்தான் விளையாட்டுக்குள் நுழையலாம் என்பது வேறு பேச்சு. அது உடலைக் கருவிக்கு ஏற்பத் திருத்தச் சொல்வது.

இந்தத் தவறான நம்பிக்கையை வளர்த்ததில் விளையாட்டுகளுக்கும் பங்குண்டு என்பதை வருத்தத்தோடு குறிக்க வேண்டியிருக்கிறது. கையிழந்த வீரன் இத்துறைக்கு மிகவும் பிடித்த உருவம். 2015இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5’இன் நாயகனுக்கு இடக்கை செயற்கையானது, 2019இல் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘செகிரோ’வின் நாயகனும் இடக்கையை இழந்து, கோடரியும் தீயும் கொக்கிக்கயிறும் தாங்கும் செயற்கைக் கையைப் பெறுகிறான். ‘செகிரோ’ என்னும் பெயருக்கே ஒற்றைக் கை ஓநாய் என்பதுதான் பொருள். திரைக்குள் இருப்பவனுக்கு இழப்பு வலிமையாகிவிடுகிறது. திரைக்கு வெளியே இருப்பவருக்கு அவ்வாறு ஆவதில்லை. அந்த ஒற்றைக் கை ஓநாயைச் சுற்றித்தான், கடினமான விளையாட்டில் எளிமையாக்கும் அமைப்புகளுக்கு இடம் உண்டா என்னும் பெரிய சர்ச்சை அவ்வாண்டில் மூண்டது. விளையாட்டின் கடுமை படைப்பாளியின் நோக்கம், அதைத் தளர்த்தினால் படைப்பு சிதையும், உதவியோடு வென்றவர் வென்றவர் ஆகார் என்று உரத்துச் சொல்லப்பட்டது. எதிர்க்கருத்துகளுள் இதுவே ஆழமானது என்பதால் இதற்கு விரிவான மறுமொழி தேவை.

விளையாட்டு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட ‘வெட்டுக்கிளி’ என்னும் நூலில் தரும் விளக்கத்தின் சாரம் இது: ஓர் இலக்கை அடைய எளிய வழி இருந்தும், அவ்வழியை விலக்கும் விதிகளை, அச்செயல் சாத்தியமாக வேண்டும் என்பதற்காகவே விரும்பி ஏற்றுக்கொள்வதுதான் விளையாட்டு. கோல்ஃப் ஆடுபவர் பந்தைக் கையால் எடுத்துக்கொண்டுபோய்க் குழியில் போடலாம். போடாமல் மட்டையால் அடிப்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. நம் சிறுமியர் ஆடும் ஐந்தாங்கல்லில் கல்லை மேலே எறிந்த கையே கீழே கிடக்கும் கல்லை அள்ளி, விழும் கல்லையும் பிடிக்க வேண்டும். அங்கே மறு கையைச் சேர்த்துக்கொள்வதே அழிச்சாட்டம், ஏனெனில் ஒரு கை என்பது அவ்வாட்டத்தின் விதி. இவ்விளக்கத்தின்படி ஒரு தடை விளையாட்டின் பகுதியாக வேண்டுமானால் அது விதியால் அமைக்கப்பட்டதாகவும் ஆடுபவரால் விரும்பி ஏற்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ‘செகிரோ’வில் எதிரியின் வாள் விழும் கணத்தில் தன் வாளால் தடுக்க வேண்டும் என்பது அத்தகைய தடை, பார்வையைத் திருப்பும் குச்சி வலப்பக்கத்தில் இருக்கிறது என்பது அத்தகையதன்று. முன்னதை விதித்தவர் விளையாட்டின் படைப்பாளி. பின்னது கருவியின் அச்சிலிருந்து வந்தது. கையிழந்தவர் பின்னதை மாற்றக் கேட்கும்போது முன்னதைத் தளர்த்தக் கேட்பதாகத் திரித்துப் பதில் சொல்வதுதான் இச்சர்ச்சை முழுவதிலும் நடந்தது.

இவ்வேறுபாட்டை ஒரு நீதிமன்றம் சோதித்துப் பார்த்திருக்கிறது. கால் குருதியோட்டக் கோளாற்றால் நடப்பதே துன்பமாகிவிட்ட கோல்ஃப் ஆட்டக்காரர் கேசி மார்ட்டின், போட்டியில் சிறு வண்டியில் செல்ல அனுமதி கேட்டார். நடப்பது எங்கள் ஆட்டத்தின் பகுதி என்று பிஜிஏ டூர் அமைப்பு மறுத்தது. 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் மார்ட்டினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது: கோல்ஃபின் சாரம் பந்தை அடிக்கும் திறன், நடை அன்று, வண்டி ஆட்டத்தின் அடிப்படையை மாற்றவில்லை, வண்டியில் சென்றும் மார்ட்டின் அடையும் களைப்பு மற்றவர்கள் நடந்து அடையும் களைப்பைவிட மிகுதி. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியாவின் வாதம் கூர்மையானது. விளையாட்டு விதிகள் யாவும் காரணமின்றி வகுக்கப்பட்டவை, ஆகவே அவற்றுள் இது சாரம், இது புறணி என்று பிரிக்க ஒருவராலும் இயலாது என்பது அவர் நிலை. ‘செகிரோ’ சர்ச்சையில் அமைப்புகளை எதிர்த்தவர்கள் அறிந்தோ அறியாமலோ இதையே திரும்பச் சொன்னார்கள். ஆனால் இவ்வாதத்தை ஏற்றால் ஆட்டக்காரர்கள் நாள்தோறும் செய்யும் வேறுபடுத்தலையே மறுக்க வேண்டிவரும். திரையின் ஒளியளவை மாற்றுபவரும், குச்சியின் மேல்கீழ்த் திசையைத் தலைகீழாக்கிக்கொள்பவரும், கன்ட்ரோலரை விட்டு மவுஸுக்கு மாறுபவரும் வேறொரு விளையாட்டை ஆடுவதாக எவரும் எண்ணுவதில்லை. எதிரியின் உயிர்வலிமையைக் குறைத்தால் ஆட்டத்தின் கடுமை மாறியது என்று எல்லாரும் ஒப்புவர். பிரிக்க இயலும் என்பதற்கு, பிரித்துக்கொண்டே இருக்கிறோம் என்பதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்னும் நெருங்கிய சான்று இரு கையரிடமே இருக்கிறது. சுடும் விளையாட்டுகளில் மவுஸால் குறிவைப்பது எளிது, குச்சியால் குறிவைப்பது கடினம். எனவே கன்ட்ரோலரால் ஆடுவோருக்காகக் குறியுதவி என்னும் அமைப்பு, அதாவது குறி எதிரியை நெருங்கும்போது வேகம் தணிந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பாடு, நெடுங்காலமாக விளையாட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டு வருகிறது. அதன் அளவைப் பற்றிப் பூசல்கள் உண்டு, ஆனால் குச்சியால் ஆடுபவர் உண்மையான ஆட்டக்காரர் அல்லர் என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. கருவியின் குறையை மென்பொருளால் நிரவுவது இரண்டு கைகள் உள்ளவருக்கு வடிவமைப்பு. ஒரு கை உள்ளவருக்கு மட்டும் அது சலுகையாகிவிடுமா? அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய பொத்தானை ஒரு முறை தட்டினால் போதும் என்று மாற்றுவதும், ஓயாமல் தட்ட வேண்டியதை அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்றுவதும் இந்த நிரவலைச் சேர்ந்தவையே. ‘அன்சார்ட்டட் 2’இன் இறுதிப் பகுதியில் ஒரு பொத்தானை விரைந்து பலமுறை தட்ட வேண்டியிருந்தது, கையசைவில் குறையுடைய விமர்சகர் ஒருவர் கதை முழுவதையும் கடந்துவந்து அந்த ஒரு இடத்தில் பிறர் உதவியை நாட வேண்டியதாயிற்று. அவரோடு பேசிய பிறகு அதே படைப்பாளிகள் 2016இல் வெளியிட்ட நான்காம் பாகத்தில் அழுத்திப் பிடிக்கும் மாற்றைச் சேர்த்தார்கள். அதனால் நான்காம் பாகத்தின் கதையோ கடுமையோ தேய்ந்துவிட்டதாக ஒருவரும் குறைகூறவில்லை.

எண்ணிக்கை வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கையிழந்தவர்கள் சிலரே, அவர்களுக்காகச் செலவிடுவது வணிகத்துக்குக் கட்டுப்படியாகாது என்போர், மைக்ரோசாஃப்டின் வடிவமைப்பு வழிகாட்டி காட்டிய கணக்கைப் பார்க்கலாம்: அமெரிக்காவில் ஆண்டுதோறும் மேலுறுப்பை இழப்பவர் 26,000 பேர், கை முறிந்து கட்டுப் போட்டிருப்பவர், கைக்குழந்தையை ஏந்தியிருப்பவர் போலத் தற்காலிகமாக ஒரு கை மட்டும் வாய்த்தோரையும் சேர்த்தால் அத்தொகை இரண்டு கோடியைத் தாண்டும். இருந்தாலும் இக்கணக்கின் மேல் மட்டும் வழக்கை நிறுத்துவது பிழை. கைக்குழந்தையின் தாய் நாளை இரு கையராகிவிடுவார். கையிழந்தவருக்கு அந்த நாளை இல்லை. அவருடைய கோரிக்கை பிறருக்கும் பயன்படுவதால் நியாயமாவதில்லை, அவருக்குப் பயன்படுவதாலேயே நியாயமாகிறது.

நண்பர்களின் தரப்பிலும் ஒரு பிழை உண்டு. விளையாட்டு கையிழந்தவருக்கு நல்ல மருந்து என்று காட்டி அதற்கு இடம் கேட்பது அது. மருந்தாகிறது என்பது பொய்யன்று. இல்லாத கையில் உணரப்படும் மாயவலி, கை துண்டிக்கப்பட்ட பலரை ஆண்டுக்கணக்கில் வாட்டுவது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் ஓர்ட்டிஸ் கட்டலானும் குழுவினரும் 2016இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், வேறு சிகிச்சைகளால் பயனடையாத 14 பேர் தம் தசைக்குறிகளால் திரையில் மாயக்கையை அசைத்தும் கார்ப் பந்தய விளையாட்டை ஆடியும் 12 அமர்வுகளில் வலி ஏறத்தாழப் பாதியாகக் குறையப் பெற்றார்கள். இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் இதைக் கொண்டு விளையாடும் உரிமையை நிலைநாட்ட முனைந்தால், வலி இல்லாதவருக்கும் பயிற்சி முடிந்தவருக்கும் என்ன விடை? இரு கையர் எவரும் தம் மாலைப்பொழுது ஆட்டத்துக்கு மருத்துவக் காரணம் காட்ட வேண்டியதில்லை. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் ஓய்விலும் விளையாட்டிலும் மற்றவர்களோடு சமமாகப் பங்குகொள்ளும் உரிமையைச் சிகிச்சையோடு முடிச்சிடாமல் தனியே வைத்திருக்கிறது. இந்தியா 2007இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. நண்பர்களோடு சேர்ந்து சிரிக்கவும் தோற்கவும் மீண்டும் முயலவும் ஒருவர் விரும்புகிறார் என்பது போதுமான காரணம்.

அதிசயப் பார்வையும் இதே அளவு தீங்கானது. நிதி திரட்டுவதற்காக அமெரிக்காவில் நடக்கும் ‘கேம்ஸ் டன் குவிக்’ விரைவாட்ட விழாவில், உடலின் ஒரு பக்கம் வலுக்குன்றிய ஹாஃப்கோஆர்டினேட்டட் என்னும் ஆட்டக்காரர் 2017இல் ‘நியர்: ஆட்டோமேட்டா’வை வழக்கமான கன்ட்ரோலரை ஒரு கையால் பிடித்து ஆடிக் காட்டினார். அந்நிகழ்ச்சியிலிருந்து பெற வேண்டிய பாடம், முயன்றால் எதுவும் முடியும் என்பதன்று; அந்த விளையாட்டில் எது முடிந்தது, எதனால் முடிந்தது என்பதே. முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் கேட்டுக்கொண்டதற்கிணங்க மோரிஸ் ராவெல் இடக்கைக்கென்றே எழுதி, 1932இல் வியன்னாவில் முதலில் இசைக்கப்பட்ட கான்செர்ட்டோ, இரு கைகளுக்கான இசையைவிட மெலிந்து ஒலிக்காதபடி படைக்கப்பட்டது. இன்று இரு கைகளும் உடைய கலைஞர்கள் அதை இடக்கையால் வாசிக்கிறார்கள். விட்கென்ஸ்டைனின் மனவுறுதி பெரிதுதான். ஆனால் ராவெல் எழுதித் தராவிட்டால் அம்மனவுறுதிக்கு வாசிக்க அந்த இசை இருந்திருக்காது.

மனவுறுதியைப் புகழ்ந்து வடிவமைப்பை மறக்கும் இப்பழக்கத்துக்கு உடல் தரும் விலை ஒன்றுண்டு, அதை இத்துறையினர் போதிய அளவு பேசுவதில்லை. கையிழந்தவருக்கு எஞ்சிய கையே எழுதுகிறது, சமைக்கிறது, கதவைத் திறக்கிறது, பேருந்தில் கம்பியைப் பிடிக்கிறது. மேலுறுப்பை இழந்தோரின் எஞ்சிய கையிலும் தோளிலும் மிகைப்பயன்பாட்டு வலி உண்டாவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. இரு கைகளுக்கான கன்ட்ரோலரை விரல்களை வருத்தி ஒரு கையால் ஆளுபவர், திரைக்கு முன் பாராட்டைப் பெற்றுக்கொண்டு, தம்மிடம் இருக்கும் ஒரே கையைத் தேய்த்துக்கொள்கிறார். சுமையைப் பாதத்துக்கும் முழங்காலுக்கும் எஞ்சிய மேற்கைக்கும் மென்பொருளுக்கும் பகிர்ந்தளிக்கும் அமைப்பே அந்தக் கையைக் காக்கும். அதற்கான விசைகளை ஒவ்வொன்றாக வாங்கும்போது, 2018இல் 100 டாலருக்குச் சற்றுக் குறைவாக விலையிடப்பட்ட தகவமைப்புக் கன்ட்ரோலரின் செலவு பல மடங்காக ஏறிவிடுகிறது என்பதும் உண்மை. எனவே செலவில்லாத பகுதியை, அதாவது மென்பொருளுக்குள்ளேயே செய்யத்தக்க மாற்றங்களை, விளையாட்டைப் படைப்பவர்கள் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும் என்று கேட்பதில் மிகையில்லை.

அது இயலும் என்பதற்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படாத எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 2020 ஜூனில் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகம் எளிய விளையாட்டு அன்று. பதுங்கி நடப்பதும் குறிவைப்பதும் உயிர்பிழைப்பதும் அதில் இறுதிவரை கடினமானவை. அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகளோடு வந்த அவ்விளையாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலைத் திறந்தால், வழக்கமான பொத்தான் அமைப்போடு சேர்ந்து அதே பட்டியலில், அதே எழுத்தளவில், இடக்கை மட்டும் என்றும் வலக்கை மட்டும் என்றும் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. வேண்டியதைத் தெரிவுசெய்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம்.